கேபிளில் இடமிருக்கிறது, கார்டில் இல்லை: பிஎல்சி நெட்வொர்க்கின் கொள்ளளவைக் கணக்கிடுவது எப்படி?

2006 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலையை ஊழியர்கள் தாங்களாகவே அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. உலைக்குள் நீரைச் சுற்றிவிடும் இரண்டு பம்புகளும் நின்றுபோயிருந்தன. பம்பில் கோளாறு இல்லை, மோட்டாரிலும் இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி கன்ட்ரோலர்கள், ஆலையின் ஈத்தர்நெட் நெட்வொர்க்கில் வந்து குவிந்த பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளைத் தாங்க முடியாமல் முடங்கிவிட்டன. அதே நெட்வொர்க்கில் இருந்த, கண்டென்சேட் நீரைச் சுத்திகரிக்கும் பகுதியின் பிஎல்சி என்ற கன்ட்ரோலரும் பழுதானது. அந்த பிஎல்சிதான் பாக்கெட்டுகளைக் கொட்டியதா, அல்லது வேறெங்கோ கிளம்பிய வெள்ளத்தில் அதுவும் மாட்டிக்கொண்டதா என்பது உறுதியாகவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007 ஏப்ரலில் இதுகுறித்து எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது.

அணு உலை என்பதால் இது வெளியே தெரிந்தது. இதே வகைக் கோளாறு சாதாரண ஆலைகளிலும் நடக்கிறது. பிஎல்சியோடு ஐம்பது, நூறு கருவிகளை இணைத்த பிறகு, வாரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, விஎஃப்டி அதில் ஒரு வகை) மட்டும் ‘கம்யூனிகேஷன் ஃபால்ட்’ காட்டி நிற்கும். ரீசெட் செய்தால் ஓடும். கேபிளை மாற்றுவார்கள், கனெக்டரை மாற்றுவார்கள், கடைசியில் டிரைவையே மாற்றுவார்கள். நெட்வொர்க்கைச் சோதித்தால் சுமை பத்து சதவீதம்கூட இருக்காது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து சதவீதம்தான் ஓடுகிறது என்றால், கொள்ளளவு எங்கே தீர்ந்தது?

முதலில் சில சொற்கள்

பிஎல்சி என்பது ஆலையின் இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர். சென்சார்களின் நிலையைப் படிப்பது, நிரலை ஓட்டுவது, வெளியீடுகளை மாற்றுவது என்று திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஸ்கேன் டைம்.

ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் கன்ட்ரோல் அறைக்குத் தனித்தனியாக வயர் இழுப்பது செலவு. அதனால் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டியை வைத்து, அங்குள்ள வயர்களையெல்லாம் அதில் சேர்த்து, அங்கிருந்து ஒரே நெட்வொர்க் கேபிளில் பிஎல்சிக்குக் கொண்டுவருகிறார்கள். இதுதான் ரிமோட் ஐஓ. மோட்டார் டிரைவ்கள், வால்வு தொகுதிகள், எடை காட்டும் கருவிகள் எல்லாம் இப்போது இதே கேபிளில் வந்து சேர்ந்துவிட்டன.

இந்தக் கருவி ஒவ்வொன்றோடும் பிஎல்சி ஒரு கனெக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொள்கிறது. ‘இத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை தரவு அனுப்பு, நானும் அனுப்புவேன்’ என்பதுதான் இருவருக்குமான ஒப்பந்தம். ஆலைகளில் பரவலாக உள்ள இரண்டு நெட்வொர்க் முறைகளில், ஈத்தர்நெட்/ஐபியில் இந்த இடைவெளியை ஆர்பிஐ என்கிறோம், ப்ரோஃபிநெட்டில் அப்டேட் டைம் என்கிறோம். மதிப்பு மாறினாலும் மாறாவிட்டாலும் பாக்கெட் போய்க்கொண்டேயிருக்கும். பாக்கெட் வராமல் நின்றால்தான் மறுமுனை செத்துவிட்டது என்று தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு.

தீரக்கூடியவை நான்கு

நெட்வொர்க் கொள்ளளவு என்றதும் பேண்ட்வித்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பிஎல்சி உலகில் நான்கு வரம்புகள் உண்டு. பேண்ட்வித் பெரும்பாலும் கடைசியாகத்தான் தீரும்.

1. பேண்ட்வித்: கேபிள் நொடிக்கு எத்தனை பிட்களைச் சுமக்கும் என்பது.

2. நொடிக்கு எத்தனை பாக்கெட்: பிஎல்சியின் கம்யூனிகேஷன் கார்டில் உள்ள சிறு ப்ராசசர் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்து, எந்தக் கனெக்‌ஷனுக்கு உரியது என்று கண்டுபிடித்து, உள்ளே ஒப்படைக்க வேண்டும். 4 பைட் இருந்தாலும் 400 பைட் இருந்தாலும் அந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் வரிசையில் பழைய இஎன்பிடி கார்டு நொடிக்குச் சுமார் 5,000 ஐஓ பாக்கெட்டுகளைக் கையாளும். அடுத்து வந்த இஎன்2டி கார்டு தொடக்கத்தில் 10,000 கையாண்டது, பின்னர் ஃபர்ம்வேர் (கார்டின் உள்மென்பொருள்) மேம்பட்டு இன்னும் கூடியது.

3. கனெக்‌ஷன் எண்ணிக்கை: அதே இஎன்பிடிக்கு 128, இஎன்2டிக்கு 256. சில கன்ட்ரோலர்களில் கருவிகளின் எண்ணிக்கையே வரம்பு. சீமென்ஸ் எஸ்7-1200இன் முதல் தலைமுறைக் கன்ட்ரோலர் ப்ரோஃபிநெட்டில் 16 கருவிகளோடு நின்றுவிடும். பெரிய எஸ்7-1516 வாங்கினால் 256 வரை போகலாம்.

4. பிஎல்சியின் சொந்த நேரம்: எச்எம்ஐ திரைகள் (ஆபரேட்டர் இயந்திரத்தை இயக்கும் திரைகள்), ஸ்கேடா (ஆலை முழுவதையும் கண்காணிக்கும் மென்பொருள்), தரவுப் பதிவு மென்பொருள் ஆகியவை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வதும் நிரலை ஓட்டும் அதே ப்ராசசர்தான். எஸ்7-1500இல் கம்யூனிகேஷன் வேலைக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும் உச்சவரம்பு 50 சதவீதம். யாரும் அதை மாற்றவில்லை என்றால், திரைகள் கூடக்கூட ஸ்கேன் டைம் நீண்டுகொண்டே போகும்.

ரேஷன் கடைக்குப் போகும் தெரு எவ்வளவு அகலமாக இருந்தாலும், வரிசை நகர்வது எடை போடுபவரின் கை வேகத்தில்தான். இரண்டாவது வரம்பின் கதையும் அதுதான். கருவிகளின் கேபிள்களை இணைக்கும் 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்சை எடுத்துவிட்டு ஜிகாபிட் சுவிட்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் நிறைய. தெரு அகலமாகும், வரிசை அப்படியே நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேக்கிங் ஆலை என்று வைத்துக்கொள்வோம். 60 விஎஃப்டி, 12 ரிமோட் ஐஓ பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஆன்/ஆஃப் சிக்னல்களுக்கான டிஜிட்டல் கார்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கனெக்‌ஷன். வெப்பநிலை போன்ற அளவுகளுக்கான அனலாக் கார்டு மூன்று இருக்கின்றன, அவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கனெக்‌ஷன். ஆக ஒரு பெட்டிக்கு 4, மொத்தம் 48. டிரைவ்களையும் சேர்த்தால் 108 கனெக்‌ஷன். இங்கேயே ஒரு எச்சரிக்கை: 72 கருவிகள் என்று எண்ணியிருந்தால் கணக்கு தப்பியிருக்கும். எண்ண வேண்டியது கனெக்‌ஷன்களை.

அடுத்து வேகம். நிரல் எழுதியவர் டிரைவ்களுக்கு 20 மில்லிநொடி, ஐஓ பெட்டிகளுக்கு 10 மில்லிநொடி என்று வைத்துவிட்டார். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பாக்கெட் இரு திசையிலும் போகிறது. அதனால்:

டிரைவ்கள்: 60 × 2 × நொடிக்கு 50 முறை = 6,000 பாக்கெட்.
ஐஓ பெட்டிகள்: 48 × 2 × நொடிக்கு 100 முறை = 9,600 பாக்கெட்.
மொத்தம் நொடிக்கு 15,600.

10,000 பாக்கெட் கையாளும் கார்டுக்கு இது ஒன்றரை மடங்குக்கும் மேல். சரி, கேபிளில் எவ்வளவு போகிறது? இத்தகைய பாக்கெட்டில் உண்மையான தரவு 20 பைட் என்றால், மேலுறைகளும் பாக்கெட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளியும் சேர்ந்து சுமார் 110 பைட் ஆகும். 15,600 பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 13.7 எம்பிபிஎஸ். அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதை இருப்பதால் ஒரு திசைக்கு 7 எம்பிபிஎஸ்கூட இல்லை. கேபிளில் 93 சதவீதம் காலி, கார்டோ மூச்சுத் திணறுகிறது. நெட்வொர்க் சோதனைக் கருவியை மட்டும் பார்ப்பவர் ஏன் குழம்புகிறார் என்பது இப்போது புரியும்.

எவ்வளவு வேகம் உண்மையில் தேவை?

மேலே உள்ள கணக்கில் தவறு நடந்த இடம் ஆர்பிஐ. ‘வேகமாக இருந்தால் நல்லதுதானே’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சிறிய எண்ணைப் போட்டுவிடுவது மிகப் பரவலான பழக்கம். என் பார்வையில் கொள்ளளவுப் பிரச்சினைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி, இயந்திரம் எவ்வளவு நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறது என்பதே. கன்வேயர் பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. பெட்டியைப் பார்த்த சென்சார் சொன்னதும் தள்ளுகருவி இயங்க வேண்டும். ஆர்பிஐ 20, ஸ்கேன் டைம் 30 மில்லிநொடி என்றால் மிக மோசமான நிலையில் ஆகும் நேரம் இப்படி இருக்கும்: உள்ளே வர 20, ஒரு ஸ்கேனைத் தவறவிட்டால் 30, அடுத்த ஸ்கேன் முடிய 30, வெளியே போக 20. ஆக 100 மில்லிநொடி. அதற்குள் பெட்டி 5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அந்த 5 சென்டிமீட்டர் பரவாயில்லை என்றால் 20 மில்லிநொடி போதும். போதாது என்றாலும் ஆர்பிஐயை 10 ஆக்கினால் கிடைப்பது 20 மில்லிநொடி மிச்சம்தான். ஸ்கேன் டைமைப் பாதியாக்கினால் 30 மிச்சம். எதைத் தொட வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

தொட்டியின் வெப்பநிலை நிமிடக்கணக்கில் மாறுவது. அதை நொடிக்கு 100 முறை கேட்பதில் ஒரு பயனும் இல்லை. 100 மில்லிநொடியே தாராளம்.

இப்போது அதே ஆலையைத் திரும்பக் கணக்கிடலாம். ஒன்றோடொன்று இசைந்து ஓட வேண்டிய 10 டிரைவ்களுக்கு மட்டும் 20 மில்லிநொடி: 1,000 பாக்கெட். சும்மா ஓடும் 50 கன்வேயர் டிரைவ்களுக்கு 50 மில்லிநொடி: 2,000. டிஜிட்டல் கனெக்‌ஷன் 12க்கு 20 மில்லிநொடி: 1,200. அனலாக் 36க்கு 100 மில்லிநொடி: 720. மொத்தம் 4,920. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை, சுமை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. அதே 10,000 பாக்கெட் கார்டில் பாதிக்கு மேல் மிச்சம்.

சுமை மீறினால் ஏன் உடனே தெரிவதில்லை?

கார்டு ஒரேயடியாக நிற்பதில்லை. வரிசையில் சில பாக்கெட்டுகள் தாமதமாகும், சில தவறிப்போகும். ஈத்தர்நெட்/ஐபி, ப்ரோஃபிநெட் இரண்டுமே ஒன்றிரண்டு தவறினால் பொறுத்துக்கொள்ளும். ப்ரோஃபிநெட்டில் வழக்கமாக மூன்று சுற்று தொடர்ந்து வராவிட்டால்தான் கருவி போய்விட்டதாக முடிவு செய்வார்கள். ஈத்தர்நெட்/ஐபியில் ஆர்பிஐயைக் குறைந்தது 4ஆல் பெருக்கிக் காத்திருப்பு நேரத்தை வைப்பார்கள். 20 மில்லிநொடி என்றால் 80 மில்லிநொடி மௌனம் வரை தாங்கும்.

ஆகவே எல்லை மீறிய நெட்வொர்க்கும் மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் தொடர்ந்து நான்கு பாக்கெட் ஒரே கருவிக்குத் தவறும்போது அந்தக் கருவி மட்டும் விழும். அடுத்த வாரம் வேறொன்று. விழுந்த கருவியில் எந்தக் குற்றமும் இருக்காது. இடம் மாறி மாறி வரும் கம்யூனிகேஷன் ஃபால்ட்டைப் பார்த்தால் கேபிளைத் தொடுவதற்கு முன் கார்டின் சுமையைப் பார்ப்பது நல்லது. ஒரே கருவி திரும்பத் திரும்ப விழுந்தால் அப்போது கேபிளைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு தருணமும் உண்டு. மின்தடைக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழிக்கின்றன. பிஎல்சி 108 கனெக்‌ஷன்களையும் ஒரே சமயத்தில் திறக்க முயல்கிறது. எச்எம்ஐ திரைகளும் ஸ்கேடாவும் அதே நிமிடத்தில் வந்து நிற்கின்றன. சாதாரண ஓட்டத்தில் 80 சதவீதச் சுமையில் ஓடும் கார்டு இந்தச் சில நிமிடங்களில் தடுமாறும். பாதிக் கருவிகள் இணைந்து, மீதி இணையாமல் தொங்கும்.

எல்லோருக்கும் போகும் பாக்கெட்

இதுவரை பார்த்தது ஒருவருக்கு ஒருவர் பேசுவது. மல்டிகாஸ்ட் ஒரு குழுவுக்குப் போவது, பிராட்காஸ்ட் எல்லோருக்கும் போவது. ஈத்தர்நெட்/ஐபி கருவிகள் பல உள்ளீட்டுத் தரவை மல்டிகாஸ்டாக அனுப்பும். சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி இயங்கி, அதோடு யாருக்கு எது வேண்டும் என்று கேட்கும் குவெரியர் ஒன்றும் நெட்வொர்க்கில் இருந்தால்தான் அது வேண்டியவர்களுக்கு மட்டும் போகும். இல்லையென்றால், மலிவான சாதாரண சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். ஒரு டிரைவ் தனக்குச் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளை ஒவ்வொரு நொடியும் வாங்கி, பார்த்து, தூக்கிப்போட வேண்டிவரும். கன்ட்ரோலரும் கருவியும் இடம் கொடுத்தால் யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டும் அனுப்புவது) என்று மாற்றிவிடுவது எளிய தீர்வு.

பிராட்காஸ்ட்டின் ஆபத்து இதைவிடப் பெரிது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் மிகச் சிறிய ஈத்தர்நெட் ஃபிரேம், முன்னும் பின்னுமுள்ள இடைவெளியையும் சேர்த்து, 84 பைட் இடம் பிடிக்கும். அந்தக் கணக்கில் நொடிக்கு 1,48,800 ஃபிரேம் போக முடியும். யாரோ ஒருவர் சுவிட்சின் இரண்டு போர்ட்டைத் தவறுதலாக ஒரே வயரால் இணைத்து, அதைத் தடுக்கும் ஏற்பாடும் இல்லையென்றால், ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் சுழன்று சுழன்று அந்த எல்லையைச் சில நொடிகளில் தொட்டுவிடும். சில ஆயிரம் பாக்கெட்டுக்காக வடிவமைத்த டிரைவின் வாசலில் ஒன்றரை லட்சம் வந்து நிற்கும். அதைத் தூக்கிப்போடுவதற்கே அதன் ப்ராசசருக்கு நேரம் போதாது.

பிரௌன்ஸ் ஃபெர்ரியில் எடுத்த நடவடிக்கை இதைத்தான் காட்டுகிறது. அந்த விஎஃப்டி கன்ட்ரோலர்களுக்கும் சுத்திகரிப்புப் பிரிவின் கன்ட்ரோலருக்கும் முன்னால் ஃபயர்வால் வைத்து, அவற்றுக்கு வரும் போக்குவரத்தை மட்டுப்படுத்தினார்கள். உங்கள் ஆலையில் சிசிடிவி கேமராவும் அலுவலகக் கணினியும் பிஎல்சியும் ஒரே சுவிட்சில் இருந்தால், முதலில் பிரிக்க வேண்டியது அதைத்தான். தனி சுவிட்ச் முடியாவிட்டால் விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), கூடவே ஒவ்வொரு போர்ட்டிலும் பிராட்காஸ்ட்டுக்கு உச்சவரம்பு.

சீரியல் வயரில் கணக்கு வேறு

பிஎல்சியும் கருவிகளும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற முறை 1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது. மின்மீட்டர், ஓட்டமானி, சிறிய டிரைவ் என்று ஆர்எஸ்-485 வயரில் இன்னும் அது ஓடாத ஆலை அபூர்வம். இங்கே யாரும் தானாகப் பேசமாட்டார்கள். பிஎல்சி ஒவ்வொருவராகக் கேட்கும், கேட்கப்பட்டவர் பதில் சொல்வார், அப்புறம்தான் அடுத்தவர். அதனால் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரமே கொள்ளளவு.

9600 பாட் வேகம், அதாவது நொடிக்கு 9600 பிட். ஒரு எழுத்துக்கு (ஒரு பைட்டுக்கு) 11 பிட். மீட்டரிலிருந்து 10 ரெஜிஸ்டர் (மதிப்புகளை வைத்திருக்கும் சிற்றிடங்கள்) படிக்க கேள்வி 8 பைட், பதில் 25 பைட். 33 பைட்டுக்கு 38 மில்லிநொடி. செய்திகளுக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய மூன்றரை எழுத்து மௌனம் இரண்டு முறை சேர்ந்து 8 மில்லிநொடி. மீட்டர் யோசிக்க ஒரு 20. மொத்தம் 66 மில்லிநொடி. 30 மீட்டருக்கு ஒரு சுற்று 2 நொடி. மின்கணக்குக்கு இது போதும்.

இனி, மூன்று மீட்டர்களின் மின்சாரத்தை யாரோ அணைத்துவிட்டார்கள். பதில் வராவிட்டால் ஒரு நொடி காத்திரு, மொத்தம் மூன்று முறை கேள் என்று அமைத்திருந்தால், அந்த மூன்றுக்கு மட்டும் 9 நொடி போகும். 2 நொடிச் சுற்று 11 நொடியைத் தொடும். உயிரோடு இருக்கும் 27 மீட்டர்களின் தரவும் பழையதாகிவிடும். பாட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த 9 நொடி குறையாது. காத்திருப்பை 200 மில்லிநொடிக்கு இறக்குவதும், செத்த கருவியை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்பதும்தான் வழி.

இன்னொன்று, பத்து ரெஜிஸ்டரை இரண்டிரண்டாக ஐந்து முறை கேட்டால் 66க்குப் பதில் 240 மில்லிநொடி அளவுக்கு ஆகும். ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்க மோட்பஸ் அனுமதிக்கிறது. வேண்டியவை தள்ளித் தள்ளி இருந்தாலும் நடுவிலுள்ள வேண்டாததையும் சேர்த்து ஒரே வீச்சில் படிப்பது லாபம்.

கருவிகள் ஊருக்கு வெளியே பரவியிருந்தால், உதாரணமாகக் குடிநீர்த் தொட்டிகள், எண்ணெய்க் குழாய் நிலையங்கள் என்றால், ரேடியோவும் செல்போன் நெட்வொர்க்கும் நடுவில் வருகின்றன. அங்கே ஒவ்வொருவராகக் கேட்கும் முறை கட்டுப்படியாகாது. மாற்றம் நடந்தால் மட்டும் கருவியே சொல்ல வேண்டும். 1999இல் எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை உருவானதே, எண்ணெய்க் குழாய்த் தரவைச் செலவு மிகுந்த செயற்கைக்கோள் இணைப்பில் அனுப்ப வேண்டியிருந்ததால்தான்.

வாங்குவதற்கு முன்பும், ஓடத் தொடங்கிய பிறகும்

1. கருவிப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் எழுதுங்கள்: எத்தனை கனெக்‌ஷன், எத்தனை மில்லிநொடி, அதனால் நொடிக்கு எத்தனை பாக்கெட். மில்லிநொடி எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத 10 மில்லிநொடிகள் தானாக உதிரும்.

2. கூட்டுத்தொகை கார்டின் வரம்பில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. மின்தடைக்குப் பிந்தைய நெருக்கடிக்கும், இரண்டு வருடம் கழித்து வரப்போகும் இன்னொரு லைனுக்கும் சேர்த்துத்தான் அந்த மிச்சம். தாண்டினால் இரண்டாவது கார்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். எச்எம்ஐ, ஸ்கேடாவை ஒரு கார்டிலும் ஐஓவை இன்னொன்றிலும் வைப்பது நல்ல பிரிவினை.

3. கருவிகளை வளையமாக இணைப்பதானால், ஈத்தர்நெட்/ஐபியின் டிஎல்ஆர் வளையத்தில் 50 கருவிகள் வரை வைத்தால் அறுந்த இடத்தை 3 மில்லிநொடிக்குள் சுற்றிக்கொள்ளும். ப்ரோஃபிநெட்டில் பயன்படும் எம்ஆர்பி வளையத்துக்கு 200 மில்லிநொடி வரை ஆகலாம். உங்கள் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், வளையம் காப்பாற்றுவதற்குள் டிரைவ் நின்றுவிடும்.

4. ஆலையை ஒப்படைக்கும் நாளில் கார்டின் டயக்னாஸ்டிக் பக்கத்தைத் திறந்து, ப்ராசசர் சுமை, நொடிக்கான பாக்கெட், திறந்துள்ள கனெக்‌ஷன், காலாவதியான கனெக்‌ஷன் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, எல்லாக் கருவியும் திரும்ப இணைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அந்த எண்ணையும் அதே தாளில் எழுதி பேனலின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து புதிய டிரைவைச் சேர்க்க வருபவருக்கு அதுதான் முதலில் வேண்டியிருக்கும்.